குருத்தெலும்பும் கோபால்ட்டும்

மூட்டில் எலும்போடு எலும்பு உரசாமல் காப்பது குருத்தெலும்பு. அதனுள் இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டு நீரிலிருந்து ஊறிவரும் சத்தையும் உயிர்வளியையும் கொண்டே அதன் உயிரணுக்கள் பெரிதும் வாழ்கின்றன. நாம் சுவாசிக்கும் காற்றில் 21 விழுக்காடு உயிர்வளி உண்டு; குருத்தெலும்பின் உட்பகுதியிலோ மிகச் சில விழுக்காடே. இவ்வறுமையிலும் அவ்வுயிரணுக்கள் தம்மைச் சுற்றி இரண்டாம் வகைக் கொலாஜன் இழைகளையும், நீரைத் தேக்கிவைக்கும் அக்ரிக்கானையும் உருவாக்குகின்றன. இவை அடங்கிய தளப்பொருளே உடலின் பாரத்தைத் தாங்குகிறது.

வறுமையை உணரும் வழி

உயிரணுவுக்குள் ஹிஃப்-1 ஆல்ஃபா என்னும் புரதம் இடையறாது தோன்றுகிறது. உயிர்வளி போதுமான அளவு இருப்பின், ஒரு நொதி அப்புரதத்தில் அடையாளமிடும். அடையாளம் பெற்ற புரதம் விரைவில் சிதைக்கப்படும். உயிர்வளி குறைந்தால் அடையாளம் விழாது. புரதம் உட்கருவினுள் சென்று உரிய மரபணுக்களை எழுப்பும். இவ்வுணர்வு முறையை விளக்கிய கேலின், ராட்கிளிஃப், செமென்சா ஆகிய மூவரும் 2019ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு பெற்றனர். எலிகளின் வளரும் குருத்தெலும்பில் இப்புரதத்தை நீக்கியபோது, நடுப்பகுதி உயிரணுக்கள் மடிந்ததை 2001ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு காட்டிற்று.

கோபால்ட் செய்வது என்ன?

மேற்சொன்ன நொதி இயங்குவதற்கு இரும்பு அயனி இன்றியமையாதது. ஆய்வுக்கூடத்தில் கோபால்ட் குளோரைடைச் சேர்த்தால், கோபால்ட் இரும்பின் பணியைக் கெடுத்து நொதியை முடக்குகிறது. உயிர்வளி நிறைந்திருந்தும் 'இல்லை' என்றே உயிரணு எண்ணுகிறது. சாக்ஸ்-9, இரண்டாம் வகைக் கொலாஜன், அக்ரிக்கான் ஆகியவற்றின் மரபணுக்கள் ஊக்கம் பெறுவதை ஆய்வுகள் பல கண்டுள்ளன. அளவு மிகுந்தாலோ உயிரணுவே மடிகிறது.

இங்கு மாணவர் கருதத்தக்கது ஒன்றுண்டு. கொலாஜனுக்கு உறுதி தரும் நொதியும் அதே குடும்பத்தது. அதற்கும் இரும்பு வேண்டும். ஆகவே மரபணுவின் ஊக்கத்தை மட்டும் அளந்து, தளப்பொருள் வலுப்பெற்றது என முடிவுகட்டுதல் தவறு. முற்றுப்பெற்ற இழையையும் அளந்தாக வேண்டும்.

மருந்தாகுமா?

சிவப்பணுக்களைப் பெருக்கும் என்பதால் கோபால்ட் உப்புக்கள் ஒருகாலத்தில் இரத்தசோகைக்கு வழங்கப்பட்டன. தைராய்டு முதலிய கேடுகளால் கைவிடப்பட்டன. 1965-66இல் கனடாவின் கியூபெக் நகரில், நுரை நிலைப்பதற்காகக் கோபால்ட் சேர்த்த பீரை மிகுதியாகக் குடித்தோர் பலர் இதயத் தசை நோயுற்று மாண்டனர். உலோகத்தோடு உலோகம் உரசும் செயற்கை இடுப்பு மூட்டுகளிலிருந்து கசிந்த கோபால்ட்டும் சிலருக்குத் தீங்கு விளைத்தது.

எனவே கோபால்ட் குளோரைடு, குருத்தெலும்பின் மொழியை நாம் கற்பதற்கு உதவும் ஆய்வுக் கருவியே, மூட்டுவலிக்கு மருந்தன்று. ஆய்வுக் கிண்ணத்தில் கண்ட நன்மையை உடலுக்கும் உரியதெனக் கொள்ளுமுன் ஆயிரம் முறை எண்ணுதல் அறிவுடைமை.