எட்டில் ஒரு பங்கு ஹாட்ராட்: திருத்தணி வெயிலில் கட்டுவோருக்குக் குறிப்புகள்

பழைய ஃபோர்டு ஒன்றைச் சல்லிசாக வாங்கி, மட்கார்டையும் பானெட்டையும் கழற்றிப் போட்டுவிட்டு, கொள்ளாத இன்ஜினை அதில் கொள்ள வைத்து ஓட்டினால் அது ஹாட்ராட். அமெரிக்காவில் கலிஃபோர்னியா இளைஞர்கள் வறண்ட ஏரிப் படுகைகளில் இவற்றைப் பந்தயம் விட்டார்கள். 1937இலேயே அதற்கென ஒரு சங்கமும் வைத்துக்கொண்டார்கள். நம் திருவள்ளூர் மாவட்டத்துக்கும் இந்தப் பித்து புதிதல்ல. இரண்டாம் உலகப்போர் முடிந்து சும்மா கிடந்த சோழவரம் விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. பட்டறையில் பிரித்துக் கோத்த ஃபியட்டும் ஹெரால்டும் அங்கே சீறின. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் வந்த பிறகுதான் அந்தச் சத்தம் அடங்கியது.

அந்த ஹாட்ராடை வீட்டு மேசையில் பிளாஸ்டிக்கில் கட்டுவதைப் பற்றித்தான் இந்தக் குறிப்புகள். 1960களின் தொடக்கத்தில் மோனோகிராம் நிறுவனம் 'பிக் டி', 'பிக் டியூஸ்' என்று 1:8 அளவில் பெரிய கிட்டுகளை வெளியிட்டது. 1986இல் ரெவெலும் மோனோகிராமும் ஒன்றான பிறகு இவற்றில் சில மறுபதிப்பாகவும் வந்தன. நம் ஊரில் கட்டுவதென்றால் கிட்டோடு வரும் கையேடு பாதி வழிதான் காட்டும். மீதிப் பாதி டிங்கரிங் கடையிலும் அடுக்களையிலும் இருக்கிறது.

1. முதலில் கணக்கு. 1932 ஃபோர்டின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி 106 அங்குலம். 1:8இல் அது 13¼ அங்குலம். வழக்கமான 1:24 கிட்டில் நாலரை அங்குலம்கூட இருக்காது. நீளம் மூன்று மடங்கென்றால் பெயிண்ட் அடிக்க வேண்டிய பரப்பு ஒன்பது மடங்கு. சின்ன கிட் கட்டிய பழக்கத்தில் ஒரு குப்பி பெயிண்ட் வாங்கி வந்தால் கதவோடு தீர்ந்துவிடும். கடையில் கலந்து வாங்குவதானால் மொத்தத்தையும் ஒரே தடவையில் கலக்கச் சொல்லுங்கள். இரண்டாம் தடவை கலக்கும் சிவப்பு முதல் சிவப்பாக இருப்பதில்லை.

2. சாப்பாட்டு மேசையை நம்பாதீர்கள். பழைய கதவுப் பலகையோ பிளைவுட்டோ ஒன்றை எடுத்து, வேலை முழுவதையும் அதன்மேல் வைத்துச் செய்யுங்கள். விருந்தாள் வந்தால் பலகையோடு தூக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம்.

3. பெட்டியைத் திறந்ததும் எதையும் வெட்ட வேண்டாம். கையேட்டோடு ஒப்பிட்டு எல்லாப் பாகமும் இருக்கிறதா என்று எண்ணுங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்ததென்றால், விடுபட்டதைக் கேட்டு வாங்கக் கெடு இருக்கும்போதே கேட்க வேண்டும். பாகங்களை அவை ஒட்டியிருக்கும் சட்டத்திலேயே விட்டுவையுங்கள், எண் அங்கேதான் இருக்கிறது. திருகு, ஸ்பிரிங், அச்சு ஆகியவற்றுக்கு ஓய்வு பெற்ற அஞ்சறைப்பெட்டியைவிடச் சிறந்த பெட்டி இல்லை. எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவிக் காயவைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

4. சட்டத்திலிருந்து பாகத்தை முறுக்கிப் பிய்க்காதீர்கள். நகவெட்டி போதும். கொஞ்சம் தள்ளி வெட்டி, மிச்சத்தை உப்புத்தாளில் தேய்த்து எடுங்கள்.

5. அச்சிலிருந்து எளிதாகக் கழல்வதற்காகப் பூசிய வழவழப்பு பாகத்தில் ஒட்டியிருக்கலாம். அதன்மேல் பெயிண்ட் நிற்காது. பாத்திரம் கழுவும் திரவமும் வெதுவெதுப்பான தண்ணீரும் போதும். தொட்டியில் வடிதட்டை வைத்துக் கழுவினால் சின்னப் பாகங்கள் சாக்கடைக்குப் போகாது. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி அலசலுக்கு கேன் தண்ணீர். உப்புத் திட்டு காய்ந்த இடத்தில் பெயிண்ட் பின்னால் கொப்பளிக்கும்.

6. உடல் பாகம் கோணியிருந்தால் பதற வேண்டாம். கை பொறுக்காத, ஆனால் கொதிக்காத தண்ணீரில் சற்று நேரம் முக்கி, மெல்ல நிமிர்த்தி, அப்படியே பிடித்துக்கொண்டு குளிர்ந்த தண்ணீரில் வையுங்கள். கிட்டுகளின் பாலிஸ்டிரின் பிளாஸ்டிக் கொதிநீர்ச் சூட்டை நெருங்கும்போது நன்றாக இளகிவிடும். மே மாதத்தில் கதவடைத்து வெயிலில் நிறுத்திய காருக்குள் கிட்டை விட்டுவைத்தால், நீங்கள் கேட்காமலே அந்த வேலை தொடங்கிவிடும்.

7. பெயிண்டுக்கு நாள் பார்ப்பது. இந்தக் குறிப்பைத் தாண்டிப் போகாதீர்கள். கெட்டுப்போகும் வண்டிகளில் பெரும்பாலானவை கைத்திறன் இல்லாமல் கெடுவதில்லை, பருவம் தெரியாமல் கெடுகின்றன.

தை பிற்பாதி முதல் பங்குனி வரை நல்ல காலம். மழை விட்டிருக்கும், வெயில் ஏறியிருக்காது. தையில் மட்டும் பனி விலகி ஒன்பது மணி ஆகட்டும்.

சித்திரை, வைகாசியில் திருத்தணி 40 டிகிரியைத் தாண்டுவது செய்தியே அல்ல. அந்தச் சூட்டில் ஸ்பிரே துப்பாக்கியிலிருந்து கிளம்பும் பெயிண்ட் பாதி வழியிலேயே காய்ந்து, தூளாகத்தான் வந்து படியும். தடவினால் சொரசொரக்கும். விடிந்ததும் அடித்து எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். மெதுவாக ஆவியாகும் தின்னர் கேட்டு வாங்குங்கள். அக்ரிலிக் பெயிண்ட் துப்பாக்கி மூக்கிலேயே காய்ந்து அடைக்கும், அடிக்கடி துடைக்க வேண்டும்.

ஆடியில் காற்று. அம்மியையே பறக்கவிடும் காற்று தெருப் புழுதியை விட்டுவைக்குமா? அதோடு ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வரும் உறவுக்காரர்கள் உங்கள் வீட்டில்தான் தங்குவார்கள். இந்த மாதத்தை இன்ஜினுக்கும் சீட்டுக்கும் ஒதுக்குங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் பளபளப்பு வார்னிஷோ லாக்கரோ அடிக்கவே அடிக்காதீர்கள். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் வந்து உட்கார்ந்து, கறுப்பு வண்டி பால் ஊற்றினதுபோல வெளுத்துவிடும். அப்படி ஆகிவிட்டால் உடனே தேய்க்கத் தொடங்க வேண்டாம். காய்ந்த நாள் ஒன்றில் மெதுவான தின்னரை மட்டும் மெல்லிய புகையாக அடித்துப் பாருங்கள், பல சமயம் வெளுப்பு தானே வாங்கிக்கொள்ளும்.

8. ஸ்பிரே டப்பாவை ஸ்கூட்டர் டிக்கியில் வைத்து வெயிலில் நிறுத்தாதீர்கள். 50 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்று டப்பாவிலேயே போட்டிருக்கும். டிக்கி அதைச் சுலபமாகத் தாண்டும்.

9. கார் பெயிண்ட் கடைக்காரரிடம் கேட்டால் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரை எடுத்துக் கொடுத்துவிடுவார். அவருக்குத் தகரம்தான் பழக்கம், தகரத்துக்கு அது சரி. வெறும் பாலிஸ்டிரின்மேல் அது பட்டால் பிளாஸ்டிக்கே கரைந்து மேலெல்லாம் கீறல் விடும். நெயில் பாலிஷ் எடுக்கும் அசிட்டோனும் அப்படியே. எந்தத் திரவமானாலும் முதலில் வெற்றுச் சட்டத்துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். வரிசையும் முக்கியம். லாக்கர் காய்ந்தபின் மேலே எனாமல் அடிக்கலாம். எனாமலின் மேல் லாக்கர் அடித்தால் சுருங்கித் தோலுரியும்.

10. பள்ளங்களுக்குப் பட்டி பார்க்கும்போது ஒரேயடியாக அப்பாதீர்கள். என்.சி. பட்டி காயக் காயச் சுருங்கும். மெல்லிய பூச்சாக, ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடுத்தது. பெரிய குழிக்கு ஹார்டனர் கலக்கும் பட்டி நல்லது. பிரைமர் அடித்த பிறகுதான் உண்மையான பள்ளம் தெரியும் என்பதை எந்த டிங்கரும் சொல்வார். வாட்டர் பேப்பர் 400இல் தொடங்கி 600, 1000 என்று ஏறுங்கள். கடைசி வார்னிஷுக்கு 2000, பிறகு ரப்பிங் காம்பவுண்டு. விளிம்புகளில் அழுத்தாதீர்கள், அங்கேதான் பெயிண்ட் முதலில் தேய்ந்து பிளாஸ்டிக் எட்டிப் பார்க்கும்.

11. ஈரப் பெயிண்டுக்கு எதிரிகள் பலர். மழை விட்ட மாலையில் ஈசல், விளக்கைப் போட்டால் நேராக வண்டிமேல்தான் இறங்கும். பக்கத்தில் விசைத்தறி ஓடினால் பஞ்சு. மொட்டை மாடியில் காயவைத்தால் மலையிலிருந்து இறங்கும் குரங்கு. அறைத் தரையில் தண்ணீர் தெளித்து, மின்விசிறியை நிறுத்தி, அடித்த கையோடு பெரிய அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து மூடிவிடுங்கள்.

12. காய்ந்ததா என்று விரலால் தொட்டுப் பார்க்காதீர்கள், மூக்கால் பாருங்கள். வாசனை வந்தால் இன்னும் காயவில்லை. எனாமலுக்கு ஒரு வாரம்கூட ஆகலாம்.

13. அடித்தது பிடிக்கவில்லையா? டூ-வீலர் ஸ்பேர் கடையில் விற்கும் பிரேக் ஆயிலில் ஓர் இரவு ஊறப்போட்டுப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் எனாமல் கழன்றுவிடும். கையுறை கட்டாயம். கண்ணாடிப் பாகங்களை அதில் போட வேண்டாம்.

14. பசை மூன்று வேண்டும். பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக்கை ஒட்ட, பரப்பைக் கரைத்து இணைக்கும் மாடல் சிமென்ட்; தென்னங்குச்சி நுனியால் தொட்டு இடுக்கில் வைத்தால் தானே உள்ளே ஓடும். பாரம் தாங்கும் இடங்களுக்கு அரால்டைட். இந்த அளவு வண்டிக்கு எடை உண்டு, முன் அச்சு வெறும் சிமென்டை நம்பி நிற்காது. முன் கண்ணாடிக்கு ஃபெவிகால். ஃபெவிகுவிக்கைக் கண்ணாடி பக்கமே கொண்டுபோகாதீர்கள், அதன் ஆவி பட்ட இடமெல்லாம் வெள்ளைப் புகையாகப் படியும். ஒட்டியதை இறுக்கிப் பிடிக்கத் துணி கிளிப்.

15. குரோம் பாகங்களின் மினுமினுப்பு அலுமினியத்தின் மெல்லிய படலம். அதன்மேல் சிமென்ட் பிடிக்காது. ஒட்டும் இடத்தில் மட்டும் பிளேடால் சுரண்டுங்கள். என் அபிப்பிராயம், பாதிக் குரோமையாவது எடுத்துவிடுவது நல்லது. சின்ன வண்டியில் அழகாகத் தெரியும் குரோம், 1:8இல் திருவிழாக் கடைப் பொம்மையாக்கிவிடும். ப்ளீச்சிங் திரவத்தில் போட்டால் படலம் கரையும். அந்தத் திரவத்தோடு கழிவறை ஆசிட் எதையும் கலந்துவிடாதீர்கள், விஷவாயு வரும்.

16. டயர் மென்மையான வினைல் என்றால் அதிலுள்ள எண்ணெய்த்தன்மை நாளடைவில் கசிந்து பிளாஸ்டிக் வீலை அரிக்கும். நம் வெயிலில் இன்னும் சீக்கிரம். வீலின் விளிம்பில் அலுமினிய ஃபாயில் டேப்பை ஒரு சுற்று ஒட்டிவிட்டு டயரை மாட்டுங்கள்.

17. இன்ஜினுக்கு ஒயர் இழுப்பதுதான் இந்த வேலையின் பெரிய சந்தோஷம். நிஜ ஸ்பார்க் பிளக் ஒயர் சுமார் 7 மில்லிமீட்டர் தடிப்பு. எட்டில் ஒரு பங்கு சுமார் 0.9 மில்லிமீட்டர். இன்டர்நெட் கேபிளைப் பிரித்தால் உள்ளே இருக்கும் ஒயர் கிட்டத்தட்ட அதே தடிப்புதான், வளைத்தால் வளைத்தபடி நிற்கும். கேபிள்காரர் வெட்டிப் போட்ட துண்டு ஒரு முழம் போதும். டிஸ்ட்ரிபியூட்டரில் குத்தூசியால் துளை போட்டுச் செருகுங்கள். கிட்டில் இருப்பது ஃபோர்டின் பழைய ஃப்ளாட்ஹெட் வி8 என்றால், 1932இல் 65 குதிரைத்திறனோடு வந்து ஹாட்ராட் கூட்டத்தையே உருவாக்கியது அதுதான். டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து ஒயர்களை அதன் தீப்பொறி வரிசைப்படி இழுங்கள்: 1-5-4-8-6-3-7-2. ஓட்டுநர் பார்வையில் வலப்பக்கம் முன்னிருந்து பின்னாக 1 முதல் 4, இடப்பக்கம் 5 முதல் 8. வேறு இன்ஜினென்றால் அதன் வரிசையைத் தேடிப் பிடியுங்கள். பார்க்க வருபவர்களில் ஒரு மெக்கானிக் இருந்தால் முதலில் அதைத்தான் எண்ணுவார்.

18. சீட்டுக்குத் துணி போடலாம், ஆனால் நெசவைப் பாருங்கள். துணியில் 1 மில்லிமீட்டர் கட்டம் வண்டியில் 8 மில்லிமீட்டராகத் தெரியும். தடித்த துண்டுத் துணி சாக்கு விரித்ததுபோல ஆகும். பள்ளிப்பட்டுப் பக்கம் தறி வைத்திருப்பவர்கள் தெரிந்தால், நூல் மெல்லியதாக, ஒரே நிறமாக ஒரு வெட்டுத்துணி கேட்டுப் பாருங்கள். தரைக்கு நகைப்பெட்டி வெல்வெட்.

19. ஸ்டிக்கர் ஊறவைக்கவும் கேன் தண்ணீர்தான். போர் தண்ணீரில் ஊறிய ஸ்டிக்கரின் ஓரத்தில் வெள்ளைக் கோடு நிற்கும். எல்லாரும் ஒட்டும் தீப்பிழம்புக்குப் பதிலாக, வெள்ளை வட்டத்தில் கறுப்புப் பந்தய எண் ஒன்றை ஒட்டி சோழவரத்து வண்டியாக்குவது எனக்குப் பிடித்த வழி. ஹாட்ராடுக்கு இதுதான் சரியான நிறம் என்று எவரும் சட்டம் போட முடியாது. ஸ்டீயரிங் இடப்பக்கம் இருக்கிறதே என்று குழந்தைகள் கேட்பார்கள்; அமெரிக்க வண்டி, அப்படித்தான் இருக்கும்.

20. பூஜை விளக்கு, ஊதுபத்தி, கேஸ் அடுப்பு இருக்கும் இடத்தில் தின்னர் திறக்கக் கூடாது. அதன் ஆவி தரையோடு தவழ்ந்து பக்கத்து அறைவரை போகும். மாஸ்க் விஷயத்திலும் ஏமாறாதீர்கள். கொரோனா காலத்து மாஸ்க் தூளைத் தடுக்கும், தின்னர் ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரி வடிகட்டி உள்ள மாஸ்க் தனியாக விற்கிறது.

21. முடிந்த வண்டியை மேற்கு ஜன்னலோரம் வைக்காதீர்கள், வெயிலில் சிவப்பு முதலில் மங்கும். கண்ணாடிப் பெட்டி செய்யச் சொல்லும்போது வண்டியின் அளவோடு எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் கூட்டிச் சொல்லுங்கள். எக்ஸாஸ்ட் குழாய் வெளியே துருத்திக்கொண்டிருப்பதைச் சேர்த்து அளக்கப் பலர் மறந்துவிடுகிறார்கள்.