காசு இல்லாத சீட்டு: ‘கழுதை’ ஆட்டம் பழகுவோம்



சீட்டுக்கட்டு என்ற பேச்சை எடுத்தாலே நம்ம லயத்துத் தாய்மார் முகம் சுளிப்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. சம்பள நாள் ராத்திரி விரிக்கிற சாக்கும், விடிய விடிய எரிகிற விளக்கும், மறுநாள் பெரட்டுக்கு வராத ஆளும் நாம் எல்லாரும் கண்டதுதான். 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளியின் நாள் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. அந்தக் கணக்கில் ஒரே ராத்திரியில் 4,050 ரூபாய் தோற்றவர் மூன்று பேரைத் தோற்றுவிட்டார். மலையேறி, அட்டைக்கடி பட்டு, கூடை சுமந்து எடுத்த மூன்று பேர்!

நாங்களும் வாலிப வயதில் அந்தச் சாக்கில் உட்கார்ந்தவர்கள்தான். ஒரு வருசம் தீபாவளி முற்பணம் முழுக்க அங்கேயே போச்சு. வீட்டில் பிள்ளைக்குப் புது உடுப்பு இல்லை. அந்த வெட்கம் இன்னும் மறக்கவில்லை.

அப்படிப்பட்ட நாங்கள் ஏன் சீட்டுப் பாடம் எழுதுகிறோம்? 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் பதுளை மாவட்டத்தில் பல இடங்களில் மண் சரிந்தது. வீடு வாசலை விட்டு வந்த குடும்பங்கள் பாடசாலைகளிலும் கோயில் மண்டபங்களிலும் தங்கின. நாங்கள் போயிருந்த ஒரு மண்டபத்தில் கரண்ட் இல்லை. மழைச் சத்தம் கூடினாலே சின்னப் பிள்ளைகள் அழுதார்கள். ஒரு பாட்டி யாரிடமோ ஒரு சீட்டுக்கட்டைக் கேட்டு வாங்கி, மெழுகுதிரி வெளிச்சத்தில் நாலு பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து ‘கழுதை’ ஆட்டம் சொல்லிக் கொடுத்தார். அரை மணி நேரத்தில் அந்த மூலையில் சிரிப்புச் சத்தம். ஐந்து சதம் செலவில்லை. குற்றம் சீட்டில் இல்லை, நடுவில் வைக்கிற காசில்தான் என்று அன்றைக்குத்தான் எங்களுக்கு விளங்கியது.

இது என்ன ஆட்டம்?

கையில் இருக்கிற சீட்டை எல்லாம் இறக்கித் தீர்க்க வேண்டும். தீர்த்தவர் தப்பினார். கடைசியில் யார் கையில் சீட்டு மிஞ்சுகிறதோ அவர்தான் கழுதை. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இதற்குக் கழுதை என்றே பெயர். பஞ்சாபில் ‘பாபி’ என்கிறார்கள். அண்ணி என்று அர்த்தம். ரஷ்யாவில் ‘துராக்’ என்று வேறொரு ஆட்டம் உண்டு. அதிலும் கடைசியாகச் சீட்டோடு நிற்பவரைத்தான் தேடுவார்கள். துராக் என்றால் முட்டாள்.

சீட்டை அறிவோம்

ஜோக்கரை எடுத்து வைத்தால் ஒரு கட்டில் 52 சீட்டு. நாலு இனம்: இஸ்பேட், கிளாவர் இரண்டும் கறுப்பு, ஆட்டீன், டைமன் இரண்டும் சிவப்பு. ஒவ்வொரு இனத்திலும் 13 சீட்டு. ஆஸ்தான் பெரியது. அதற்குக் கீழே ராஜா, ராணி, ஜாக்கி, பிறகு 10 முதல் 2 வரை.

நாலு பேர் ஆடினால் ஆளுக்கு 13. மூன்று பேரும் ஆடலாம், ஆறு பேரும் ஆடலாம். ஒருவருக்கு ஒன்று கூடக் குறைய வந்தால் பரவாயில்லை. முழுக்கட்டையும் பிரித்துவிட வேண்டும்.

ஆடும் முறை

1. இஸ்பேட் ஆஸ் யாரிடம் இருக்கிறதோ அவர் அதை இறக்கித் தொடங்குவார். இடக்கைப் பக்கமாக ஒவ்வொருவரும் ஓர் இஸ்பேட் போட வேண்டும். இஸ்பேட் இல்லாதவர் எதையாவது போடலாம். முதல் சுற்றில் மட்டும் யாரும் சீட்டு எடுக்கத் தேவையில்லை. விழுந்ததை எல்லாம் கவிழ்த்து ஒதுக்கி வைக்கவும். ஆஸ் போட்டவரே மறுபடி தொடங்குவார்.

2. அடுத்த சுற்றிலிருந்து, தொடங்குபவர் எந்த இனம் இறக்குகிறாரோ அதே இனத்தைத்தான் மற்றவர்களும் போட வேண்டும். எல்லாரும் போட்டுவிட்டால் அவற்றையும் ஒதுக்கிவிடவும். பெரிய சீட்டுப் போட்டவர் அடுத்த சுற்றைத் தொடங்குவார்.

3. அந்த இனம் கையில் இல்லாதவர் வேறு இனத்துச் சீட்டால் ‘வெட்டு’ப் போடுவார். வெட்டு விழுந்ததும் சுற்று நின்றுவிடும். அதுவரை அந்த இனத்தில் பெரிய சீட்டுப் போட்டவர் விழுந்த எல்லாச் சீட்டையும் கையில் எடுத்துக்கொண்டு, அவரே அடுத்த சுற்றைத் தொடங்குவார்.

4. ஒருவர் தன் கடைசிச் சீட்டைப் போட்டு, அதுவே பெரியதாக இருந்து, வெட்டு விழாமல் சுற்று முடிந்தால் அவர் தப்பினார். அவருக்கு அடுத்து இருப்பவர் தொடங்கட்டும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். அம்மா கிளாவர் 7 இறக்குகிறார். மூத்தவன் கிளாவர் ராஜா போடுகிறான். சின்னவளிடம் கிளாவர் இல்லை; டைமன் 10ஐப் போட்டு வெட்டுகிறாள். அப்பா போட வேண்டியதில்லை. மூன்று சீட்டும் மூத்தவன் தலையில்! இதே இடத்தில் அம்மாவுக்கு அடுத்ததாகச் சின்னவள் உட்கார்ந்திருந்தால், தன் 7ஐயும் அந்த டைமனையும் அம்மாவே எடுத்திருக்க வேண்டும். ஆகவே தொடங்குகிறவருக்கும் ஆபத்து உண்டு.

கணக்குத் தெரிந்தவர் தப்புவார்

புதிதாக ஆடுகிறவர்கள் ஆஸையும் ராஜாவையும் சொத்து மாதிரிக் கட்டிப் பிடித்துக்கொள்வார்கள். இந்த ஆட்டத்தில் பெரிய சீட்டுத்தான் பெரிய சுமை. அதை எப்போது இறக்குவது? எண்ணிப் பாருங்கள். நாலு பேர் ஆடும்போது ஓர் இனத்தின் 13 சீட்டில் முதல் சுற்றில் 4 போகும், மீதி 9. இரண்டாம் சுற்றில் இன்னும் 4, மீதி 5. மூன்றாம் சுற்றில் அந்த ஐந்தும் நாலு கையிலும் இருக்கும் என்று நம்ப முடியாது. அப்போதுதான் வெட்டு விழும். எனவே பெரிய சீட்டை முதல் இரண்டு சுற்றிலேயே இறக்கிவிடுங்கள். சின்னதைப் பிறகுக்கு வையுங்கள்.

இரண்டாவது, வெட்டு வாங்கியவர் எந்தச் சீட்டுகளை எடுத்தார் என்று கவனித்து மனதில் வையுங்கள். அவரிடம் அந்த இனம் இருக்கிறது என்பது உறுதி. வெட்டியவரிடம் அந்த இனம் இல்லை என்பதும் உறுதி. கூட்டல் கழித்தல் வராது என்று சொல்கிற பிள்ளை, கழுதையாகாமல் இருக்க விரல் விட்டு எண்ணுவதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

வீட்டுச் சட்டங்கள்

காசு வைக்கக் கூடாது. ஒரு ரூபாயும் வேண்டாம், நெருப்புப் பெட்டியும் வேண்டாம். சின்னதில் தொடங்கியதுதான் எங்கள் தீபாவளி முற்பணம் வரைக்கும் போனது.

இனம் கையில் இருந்தும் இல்லை என்று வெட்டியவர் பிடிபட்டால், விழுந்த சீட்டை எல்லாம் அவரே எடுக்க வேண்டும்.

தோற்ற பிள்ளையைக் கழுதை, கழுதை என்று துரத்தக் கூடாது. அந்த மண்டபத்தில் ஒரு சின்னப் பையன் மூன்று தரம் தோற்று அழுதுகொண்டு எழுந்து போனான். பாட்டி அவனைக் கூப்பிட்டு, “கழுதை இல்லாட்டி யாருடா பொதி சுமக்கிறது? வா, இனி நீதான் சீட்டுப் பிரிக்கணும்” என்றார். கட்டு கைக்கு வந்ததும் அவன் பெரிய மனிசன் ஆகிவிட்டான். பெரியவர்கள் தோற்றால் எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றட்டும். அப்பா ஊற்றுகிற தேத்தண்ணிக்குப் பிள்ளைகள் காத்திருப்பார்கள்.

பயிற்சி

அ. ஐந்து பேருக்கு 52 சீட்டை எப்படிப் பிரிக்கலாம்?

ஆ. நாலு பேர் ஆட்டம். டைமனில் இரண்டு சுற்று வெட்டில்லாமல் போய்விட்டது. மூன்றாம் சுற்றுக்கு ஒருவர் டைமன் 9 இறக்குகிறார். அடுத்தது நீங்கள். கையில் டைமன் ராணியும் 3ம். எதைப் போடுவீர்கள்?

விடை: அ. இருவருக்கு 11, மூவருக்கு 10. ஆ. டைமன் 3. மீதி ஐந்தில் அந்த 9ம் உங்கள் இரண்டும் போனால் வெளியே இரண்டுதான். உங்களுக்குப் பிறகு போட வேண்டிய இருவரில் ஒருவர் வெட்டக்கூடும். ராணியைப் போட்டிருந்தால் சுமை உங்களுக்கு. 3 போட்டால் 9 போட்டவருக்கு.

அடுத்த சம்பள நாள் ராத்திரி, சாக்கு விரிக்கிற பக்கம் கால் போகுமுன், வீட்டு இஸ்தோப்பில் பிள்ளைகளோடு ஓர் ஆட்டம் போட்டுப் பாருங்கள். தோற்றாலும் ஒரு கோப்பைத் தேத்தண்ணியோடு போய்விடும்.