பின்னங்களை வரிசைப்படுத்தல்

முழு எண்களைச் சிறியது பெரியதென வரிசைப்படுத்தல் சிறுவர்க்கும் எளிது. மூன்றினும் நான்கு பெரிது, நான்கினும் ஐந்து பெரிது என்பதில் ஐயுறுவார் எவருமிலர். ஆனால் பின்னங்களிடத்து வந்தவுடன் இத்தெளிவு மறைகின்றது. ஐந்தில் மூன்று பங்கு பெரிதோ, எட்டில் ஐந்து பங்கு பெரிதோ என வினவின், கற்றாரும் சற்றே தயங்குவர்.

இத்தயக்கத்திற்குக் காரணம் யாது? 3/5 என்பதில் கீழுள்ள பகுதியானது கூறின் அளவையும், மேலுள்ள தொகுதியானது கூறுகளின் எண்ணிக்கையையும் உணர்த்துகின்றன. ஐந்தில் ஒரு கூறு பெரிது. எட்டில் ஒரு கூறு சிறிது. அளவு வேறாகிய கூறுகளை எண்ணிக்கையால் மட்டும் ஒப்பிடுதல், மரக்காலையும் படியையும் ஒன்றாக எண்ணி நெல் அளப்பதை ஒக்கும். ஆதலின் இரண்டையும் ஒரே அளவுக்குக் கொணர்தல் வேண்டும். ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுப்பகுதி நாற்பது. 3/5 = 24/40; 5/8 = 25/40. எனவே பின்னதே பெரிது. நாற்பது மூட்டை விளைந்த களத்தில் இவ்வேறுபாடு ஒரு மூட்டையாகும். கணக்கறியாத குடியானவன் இழப்பது அதுவே.

இவ்வுண்மையை நம் முன்னோர் நன்குணர்ந்திருந்தனர். கீழ்வாயிலக்கத்தில் ஒன்றை 320 கூறாக்கி, ஒரு கூற்றை முந்திரி என்றனர். காணி 4 முந்திரி, மா 16, வீசம் எனப்படும் மாகாணி 20, அரைக்கால் 40, கால் 80, அரை 160, முக்கால் 240. வீசம் மாவினும் பெரிது; ஆயினும் மூன்று வீசம் நாலுமாவினும் சிறிது. முன்னது 60 முந்திரி, பின்னது 64 முந்திரி ஆதலின். பெயர்களால் மயங்குவது முந்திரியால் தெளிவாகின்றது. முந்திரியே இவற்றிற்கெல்லாம் பொதுப்பகுதியாய் நின்றதென்க.

எனினும் மூன்றில் ஒன்று, ஏழில் இரண்டு போன்றவை முந்திரிக்குள் முழுமையாய் அடங்கா. இவற்றிற்குக் குறுக்குப் பெருக்கல் உதவும். 1/3, 2/7 என்பவற்றுள் முதலதன் தொகுதியை இரண்டாவதன் பகுதியால் பெருக்க 7. இரண்டாவதன் தொகுதியை முதலதன் பகுதியால் பெருக்க 6. ஆகவே 1/3 பெரிது. இதுவும் 21 என்னும் பொதுப்பகுதிக்குக் கொணர்தலேயன்றி வேறன்று.

குறை எண்களில் வரிசை தலைகீழாகும். 5/8 ஆனது 3/5 ஐ விடப் பெரிதாதலின், −5/8 ஆனது −3/5 ஐ விடச் சிறிது. கடன் மிக்கான் பொருளிற் குறைந்தான் என்பது உலகறிந்ததே.

இனி ஒரு வியப்பு. 3/5, 5/8 என்னும் இரண்டின் தொகுதிகளைக் கூட்டித் தொகுதியாகவும், பகுதிகளைக் கூட்டிப் பகுதியாகவும் வைக்க, 8/13 கிடைக்கும். இது பின்னங்களைக் கூட்டும் முறையன்று. ஆயினும் இவ்வெண் அவ்விரண்டிற்கும் இடையே நிற்கும். மீண்டும் 3/5, 8/13 என்பவற்றினிடையே 11/18 நிற்கும். இவ்வாறு முடிவின்றிச் செல்லலாம். ஆதலால் மூன்றுக்கு அடுத்த முழு எண் நான்கு என்பது போல, 3/5 க்கு அடுத்த பின்னம் இதுவெனச் சுட்ட ஒன்றுமில்லை. வரிசை உண்டு, அடுத்தது என்பது இல்லை.

பகுதிக்கு ஓர் எல்லை வகுத்தாலோ அடுத்ததும் தோன்றும். பூச்சியத்திற்கும் ஒன்றிற்கும் இடையே, பகுதி ஐந்திற்கு மேற்படாத பின்னங்களைச் சுருங்கிய வடிவில் நிறுத்துவோம்: 1/5, 1/4, 1/3, 2/5, 1/2, 3/5, 2/3, 3/4, 4/5. இவற்றுள் அடுத்தடுத்த எம்மூன்றை எடுப்பினும், இரு புறத்தவற்றை மேற்கூறியவாறு சேர்த்துச் சுருக்க நடுவுள்ளது வரும். 1/4, 2/5 இரண்டும் 3/9 தரும். அது 1/3 ஆம். இவ்வொழுங்கை 1816 இல் ஜான் பேரி என்னும் ஆங்கில நிலநூலறிஞர் எடுத்துரைக்க, அவ்வாண்டிலேயே பிரெஞ்சு நாட்டுக் கணித வல்லுநர் கோஷி அதனை நிறுவினார்.

மாணவ நண்பர்களே, பகுதி ஏழு வரை இவ்வரிசையை நீங்களே எழுதிப் பாருங்கள். எதனையும் பெரிது சிறிதெனத் துணியுமுன் அளவு ஒன்றாயிற்றா என்று நோக்கும் வழக்கம் அதனால் உறுதிப்படும். அவ்வழக்கம் கணக்கேட்டிற்கு மட்டுமன்றி வாழ்க்கைக்கும் நற்றுணையாம்.