சென்னைப் பேட்டைகள்

காந்திகிராமத்திற்கு அணித்தாக உள்ள சின்னாளபட்டியை நம்மில் அறியாதார் இலர். தறியினால் பெயர் பெற்ற ஊர் அது. அத்தகைய தறிக்கும் கடற்கரை நகராகிய சென்னைக்கும் தொடர்பு யாது என வினவினால் பலரும் வியப்பர். சென்னை தோன்றியதற்கே துணிதான் காரணம்.

கி. பி. 1639-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் டே என்னும் ஆங்கிலேயர் மதராசப்பட்டினத்தில் இடம் பெற்றார். அங்குத் துறைமுகம் இல்லை; அலை மோதும் வெறுங்கரையே இருந்தது. கப்பல்கள் தொலைவில் நிற்க, கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளே சரக்கைக் கரை சேர்த்தன. எனினும், பருத்தித் துணி ஆங்கு மலிவாகக் கிடைத்தமையால் அவ்விடத்தையே அவர் விரும்பினார்.

கோட்டைக்குள் வெள்ளையர் வாழ்ந்தனர். வடபால் நம்மவர் வாழ்ந்த பகுதியை அவர்கள் 'கறுப்பர் நகரம்' என்றனர். 1746-இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைக் கைப்பற்றி, அந்நகரில் ஒரு பகுதியை இடித்தனர். 1749-இல் கோட்டையை மீண்டும் பெற்ற ஆங்கிலேயரோ, பகைவர் மறைந்து சுடுதற்கு இடமாகும் என்று அஞ்சி, எஞ்சியதையும் காலப்போக்கில் அகற்றினர். சென்னகேசவப் பெருமாள் கோயிலும் தப்பவில்லை. அது பின்னர்த் தேவராச முதலித் தெருவில் மீண்டும் எழுந்தது. வெட்டவெளியின் எல்லை காட்ட 1773-இல் ஆறு தூண்கள் நடப்பெற்றன. அவற்றுள் ஒன்று பாரிமுனையில் இன்றும் உளது. அதனருகே நெடுநேரம் நின்றேன். கடந்து சென்றோருள் ஒருவரும் அதனை ஏறிட்டுப் பார்க்கவில்லை. வீடிழந்தோர் வாழ்ந்த நிலத்தில் 1892 முதல் உயர்நீதிமன்றம் ஓங்கி நிற்கின்றது.

வீடுகள் அழிந்தன, பேட்டைகளின் பெயர்கள் அழியவில்லை. துணி வெளுத்தோர் வாழ்ந்த இடம் வண்ணாரப்பேட்டை. கூவத்தின் வளைவில் 1734-இல் நூற்போரையும் நெய்வோரையும் சாயம் தோய்ப்போரையும் குடியேற்றிய இடம் சிந்தாதிரிப்பேட்டை. 'சின்னத் தறிப்பேட்டை' என்பதே அவ்வாறு மருவிற்று என்பர். கப்பலை நிரப்பத் துணி வேண்டியிருந்தவரையில் கும்பெனியார் நெசவாளரைத் தேடிச் சென்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலோ, இங்கிலாந்து ஆலைத் துணி அதே கரையில் வந்து இறங்கிற்று. தறிகள் பல ஓய்ந்தன.

திருவொற்றியூரை அடுத்துள்ள காலடிப்பேட்டையும் நெசவாளர்க்காக அமைந்ததே. அப்பெயரைக் கேட்டு, எவர் காலடி என்று தேட வேண்டா. 1717 முதல் 1720 வரை ஆளுநராயிருந்த காலட் என்பார் அமைத்த பேட்டை அது. அவர் பெயரை நம் மக்கள் தம் நாவிற்கு ஏற்பக் 'காலடி' ஆக்கிக்கொண்டனர்.