நடுங்கும் எஞ்சின்

பெட்ரோல் காரின் எஞ்சினில் பெரும்பாலும் நான்கு சிலிண்டர்கள் உள. எரிபொருள் கலந்த காற்று, அதனை நெருக்கும் அழுத்தம், உரிய நேரத்தில் எழும் மின்பொறி ஆகிய மூன்றும் பொருந்தினால் அவை சீராக இயங்கும். ஒன்று பிழைப்பினும் எஞ்சின் நடுங்கும். எரியாத பெட்ரோல் வெளியேறி, புகையைத் தூய்மை செய்யும் கருவியைச் சூடேற்றிக் கெடுக்கும்.

சிலர் கைக்கு எட்டிய உறுப்பையெல்லாம் மாற்றிப் பொருளை இழப்பர். அறிவுடையோர் முதற்கண் குறையுள்ள சிலிண்டரைத் தேடுவர். பொறி எழுப்பும் பிளக் ஒவ்வொன்றுக்கும் தனிக் காயில் அமைந்த வண்டியாயின், எஞ்சினை அணைத்து, ஒரு காயிலின் மின்னிணைப்பைக் கழற்றிவிட்டுச் சிறிது நேரம் எஞ்சினை இயக்கிப் பார்ப்பர். நடுக்கம் மிகுந்தால் அச்சிலிண்டர் அதுவரை உழைத்ததாகும்; மாறாதிருப்பின் குறை அங்கேயே உள்ளது. எஞ்சின் ஆறியபின், அதன் காயிலை அடுத்த சிலிண்டரின் காயிலோடு மாற்றிப் பொருத்துவர். குறையும் உடன் பெயர்ந்தால் பழுது காயிலில். பெயராவிடின் பிளக்கையும் அவ்வாறே சோதிப்பர். பிளக்கின் நுனி இளம்பழுப்பாயின் நலம். உலர்ந்த கரி படிந்திருப்பின் பெரும்பாலும் எரிபொருள் மிகுதி. இரண்டும் பழுதற்றனவாயின், எரிபொருள் வரவையும் அழுத்தத்தையும் மெக்கானிக் சோதித்தல் வேண்டும்.

இவற்றைப் பெரியோர் துணையுடன், திறந்த வெளியிலேயே செய்தல் வேண்டும். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மணமின்றி உயிரைக் கவரும். ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றி விளைவை நோக்கும் இம்முறை, எவ்வகைப் பழுதை ஆராய்வோர்க்கும் பயன்படும்.