கிணற்றுப் பாறையில் வரி பாருங்கள்

கிணறு வெட்டும்போது சில இடங்களில் கறுப்பும் வெளுப்புமாக வரி ஓடிய பாறை தட்டுப்படும். இதற்கு நைஸ் என்று பெயர். உருமாறிய பாறை வகையைச் சேர்ந்தது. பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் புதையுண்ட பழைய பாறை, அங்குள்ள சூட்டிலும் அழுத்தத்திலும் உருகாமலேயே மாறிப் போனதுதான் இது. முழுக்க உருகி ஆறியிருந்தால் தீப்பாறை ஆகியிருக்கும்.

உருமாறிய பாறைகளில் இரு பிரிவு உண்டு. சிலேட்டுக்கல், நைஸ் ஆகியவை வரியோ அடுக்கோ உள்ளவை. அழுத்தம் ஒரு திசையில் மிகும்போது தாதுக்கள் அதற்குக் குறுக்கே படுத்துவிடுவதால் இப்படி அமைகிறது. சுண்ணாம்புக்கல் மாறி உண்டான சலவைக்கல்லில் பெரும்பாலும் அடுக்கு இராது.

நமக்கு வேண்டியது தண்ணீர். கெட்டிப் பாறையின் உடம்பில் அது தங்காது. மக்கிய மேற்பகுதியிலும் வெடிப்புகளிலும்தான் தங்கும். வெடிப்புகள் பல இடங்களில் வரியை ஒட்டியே செல்கின்றன. ஆகவே கிணற்றுக்குள் பக்கத்துளை போடுவோர் வரியின் போக்கிலேயே போடாமல், அதற்குக் குறுக்காகப் போடுவது நல்லது. ஒரே துளை பல வெடிப்புகளைத் தொடும். வரியும் வெடிப்பும் கண்ணுக்குத் தெரியாத கெட்டிப் பாறை வந்துவிட்டால், கடன் வாங்கி மேலும் வெடி வைக்குமுன் வேளாண்மைப் பொறியியல் துறையினரை அணுகி, மின்தடை அளக்கும் கருவியால் நிலத்தைச் சோதித்துக் கொள்ளவும்.