டேங்க் வால்வ் லீக்: செலவை யார் கட்டணும், எப்படிக் கட்டணும்?

வாடகை வீட்டில் இருக்கும் பலரும் தள்ளிப்போடும் ஒரு சின்னச் செலவைப் பத்தி இன்னைக்குப் பார்ப்போம். மொட்டை மாடித் தண்ணி டேங்க்குக்குக் கீழே இருக்கும் கேட் வால்வ் சொட்டுது. "ஹவுஸ் ஓனர் பார்த்துக்குவார்"னு நீங்க விட்டுடறீங்க. யாரும் சொல்லாததால அவருக்கும் தெரியலை.

1. முதல்ல அளந்து பாருங்க

சொட்டும் இடத்தில் 10 நிமிஷம் ஒரு பாத்திரம் வையுங்க. 1 லிட்டர் சேர்ந்தால், ஒரு நாளைக்கு 144 லிட்டர், 30 நாளில் 4,320 லிட்டர். லாரித் தண்ணி வாங்கும் வீடுன்னா, 12,000 லிட்டர் லோடில் மூணில் ஒரு பங்குக்கு மேல் வீண். போர் தண்ணின்னா கரண்ட் செலவு பெருசா ஏறாது. ஆனா தளம் ஊறி, கம்பி துருப்பிடிச்சு, சீலிங் பூச்சு உதிர ஆரம்பிச்சா, அந்தச் செலவு வால்வ் விலையைப் போலப் பல மடங்கு.

2. பிளம்பரைக் கூப்பிடும் முன்

திருகும் தண்டைச் சுற்றிக் கசிந்தால், அதன் கீழே இருக்கும் நட்டைக் கொஞ்சம் இறுக்கினாலே பல நேரம் நின்னுடும். வால்வே விரிசல் விட்டிருந்தால் மாத்தணும். அதுக்கு டேங்க் காலியாகணும். முதல் நாள் ராத்திரி மோட்டார் போடாதீங்க. தேவையான தண்ணியைப் பிடிச்சு வைங்க.

3. யார் செலவு?

தமிழ்நாட்டில் 2017-ல் இயற்றப்பட்ட வாடகைச் சட்டத்தின் அட்டவணைப்படி, குழாய் வாஷர், குழாய் மாத்தறது போன்றவை வாடகைதாரர் பொறுப்பு. பிளம்பிங் பைப் மாத்தறது உரிமையாளர் பொறுப்பு. மாடி டேங்க் வால்வ் பைப் லைனைச் சேர்ந்ததுன்னு ஓனரிடம் தாராளமாப் பேசலாம். அதுக்கு முன்னாடி உங்க அக்ரிமென்ட்டில் ரிப்பேர் பத்தி என்ன எழுதியிருக்குன்னு படிச்சிடுங்க.

ஓனர் தயங்கினா இதைச் சொல்லுங்க. வாடகை வருமானத்துக்கு வரி கணக்கிடும்போது, சொத்து வரி போக மீதியில் 30% அவருக்குக் கழிவு உண்டு. உண்மையில் எவ்வளவு செலவு பண்ணினார்னு கணக்கே கேட்க மாட்டாங்க. மாசம் 18,000 வாடகை, வருஷத்துக்கு 2,16,000. சொத்து வரி 6,000 கட்டினார்னா, 2,10,000-ல் 30%, அதாவது 63,000 ரூபாய் கழிவு. ரிப்பேர் மாதிரியான செலவுகளுக்கும் சேர்த்துத்தான் இந்தச் சலுகை.

4. வாடகையில் கழிக்காதீங்க

சம்பளக்காரங்க கவனிக்க வேண்டிய இடம் இதுதான். ரிப்பேருக்கு 1,200 ஆச்சு, அதைக் கழிச்சு 16,800 அனுப்பறீங்கன்னு வைங்க. ரசீதில் 18,000, பேங்க் ஸ்டேட்மென்ட்டில் 16,800. பழைய வரி முறையில் ஹெச்.ஆர்.ஏ விலக்கு, நீங்க உண்மையில் கட்டிய வாடகையை வைச்சுத்தான். இந்த வித்தியாசத்துக்கு விளக்கம் சொல்ற வேலை உங்க தலையில் விழும்.

அதனால முழு வாடகையையும் அனுப்புங்க. பிளம்பர் பில்லைக் காட்டி, 1,200-ஐத் தனியா திருப்பி வாங்குங்க. புதிய முறையில் ஹெச்.ஆர்.ஏ விலக்கு இல்லைன்னாலும், அட்வான்ஸ் திரும்ப வாங்கும் நாளில் இந்தக் கணக்கு கைகொடுக்கும்.

5. இன்ஷூரன்ஸ் வருமா?

2021 ஏப்ரலில் வந்த பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில், தண்ணி டேங்க்கோ பைப்போ வெடிச்சு அல்லது நிரம்பி வழிஞ்சு ஏற்படும் சேதத்துக்குக் கவர் உண்டு. நாள்பட்ட தேய்மானத்துக்குக் கிடையாது. மாசக்கணக்கில் சொட்ட விட்ட வால்வுக்கு அந்தப் பாலிசியை நம்பி இருக்க முடியாது.

இன்னைக்கு ஒரு வேலை பண்ணுங்க. மாடிக்குப் போய் 20 வினாடி வீடியோ எடுத்து, தேதியோட ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிடுங்க. சொன்னீங்கங்கறதுக்கு ஆதாரமும் ஆச்சு, வேலையும் நகர ஆரம்பிக்கும்.